காளவாசலும் புளிப்பில்லா அப்பமும்

மதுரையில் நான் குடியிருப்பது காளவாசல். “காளவாசல் என்றால் என்ன அப்பா?” என்று என் மகள் ஒரு நாள் கேட்டாள். செங்கல் சூளை என்றேன். “யார் செங்கல் அறுத்தார்கள்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. சூளையின் பெயர்தான் ஊருக்கு நின்றது. சுட்டவர்களின் பெயர் நிற்கவில்லை.

செங்கல் அறுத்த முன்னோர்களை ஆண்டுதோறும் நினைக்கிற ஜனங்கள் உண்டு. யூதர்களின் பஸ்காப் பண்டிகை அதற்காகவே ஏற்பட்டது என்று சொல்லலாம். எகிப்து மன்னன் வைக்கோல் தராமலே பழைய கணக்குப்படி செங்கல் கேட்டான் என்பது வேதக் கதை. தப்பி ஓடிய அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை. ஆகவே பண்டிகை முழுவதும் புளிப்பில்லா அப்பந்தான். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிஷத்துக்குள் சுட்டாக வேண்டும். தவறினால் அந்த மாவு தள்ளுபடி. ஒருவர் பிசைய, ஒருவர் தேய்க்க, ஒருவர் உப்பாதபடி துளையிட, வீடே பரபரக்கும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு ஏது?

இராப் போஜனத்தில் பேரீச்சம்பழத்தையும் பருப்புகளையும் மசித்த ஒரு பண்டமும் உண்டு. அது செங்கல் வேலைச் சேற்றுக்கு அடையாளமாம். அடிமைச் சேற்றுக்கு இனிப்பு எதற்கு? குழந்தை முகம் சுளிக்காமல் தின்ன வேண்டுமென்று ஏதோ ஒரு பாட்டி செய்த தந்திரம் என்றே நான் நினைக்கிறேன். இந்த இரவில் மட்டும் என்ன விசேஷம் என்று வீட்டின் கடைக்குட்டி கேட்க வேண்டும். கேட்ட பிறகே பெரியவர்கள் கதையைத் தொடங்குவார்கள்.

இதெல்லாம் ஏதோ தூர தேசத்துச் சங்கதி அல்ல. சுமார் கி.பி. 1000-த்தில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் வழங்கிய செப்பேடு, நம் பழைய வட்டெழுத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த தொழுகைக் கூடம் இன்றும் இருக்கிறது. அந்த ஊர் யூதப் பெண்கள் பஸ்காவுக்கு மாதக் கணக்கில் முன்னதாகவே வேலை தொடங்குவார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், கிணற்றை இறைத்துக் கழுவுவார்கள், அரிசியை மணி மணியாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். நம் வீட்டுப் பெண்களின் பொங்கல் சுத்தம் இதற்கு முன் நிற்காது!

1948-இல் இஸ்ரேல் தேசம் பிறந்தது. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கப்பலிலும் விமானத்திலும் போய்விட்டார்கள். யூதத் தெருவில் இன்று கடைகள்தான் மிகுதி. குழந்தை இல்லாத வீட்டில் கேள்வியை யார் கேட்பது? பழைய சட்டம் அதற்கும் வழி சொல்கிறது: மனைவி கேட்கலாம், தனியாக இருப்பவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்ற பங்குனியில் மகளும் நானும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைச் சுட்டுப் பார்த்தோம். 18 நிமிஷத்தில் நான்கு தேறின, ஒன்று கரி. தின்றுகொண்டே பழைய கேள்வியை அவள் மறுபடி எடுத்தாள். கொத்தடிமை முறையை 1976-இல் சட்டம் போட்டு ஒழித்ததையும், அதற்குப் பிறகும் தமிழ்நாட்டுச் சூளைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டவர்கள் உண்டு என்பதையும், முன்பணம் வாங்கியதற்காகக் குழந்தைகளும் அங்கே கல் புரட்டியதையும் சொன்னேன்.

அவள் அப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“எவ்வளவு முன்பணம் அப்பா?” என்றாள்.