பெட்டி நம்முடையது, சாவி?

2003 செப்டம்பர் 1. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று சென்னை நகரம் முழுக்க ஒரு கூட்டம் சேனல்கள் டி.வி.யிலிருந்து காணாமல் போயின. கரண்ட் போகவில்லை. கேபிள் அறுந்து விழவும் இல்லை. எல்லாம் சட்டப்படி நடந்தது!

'கண்டிஷனல் அக்சஸ் சிஸ்டம்' என்று அதற்குப் பெயர். சுருக்கமாக, சி.ஏ.எஸ். அதுவரை நிலைமை என்ன? கேபிள்காரர் மாதாமாதம் வந்து பணம் வாங்கிப் போவார். தன்னிடம் எத்தனை வீடு என்று சேனல் கம்பெனிகளிடம் குறைத்துச் சொல்வார். 'ஏமாற்றுகிறார்' என்று கம்பெனிகள் ரேட்டை ஏற்றும். அந்தச் சுமை கடைசியில் யார் தலையில்? வேறு யார், நம் தலையில்தான்.

இதற்கு வைத்தியமாக 2002-ல் பார்லிமெண்ட் கேபிள் சட்டத்தைத் திருத்தியது. இலவசச் சேனல்களுக்கு மாதம் 72 ரூபாய், வரி தனி. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட்-டாப் பாக்ஸ் வாங்கி மாட்டவேண்டும். பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு. கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான்.

நான்கு பெருநகரங்களுக்காகப் போட்ட திட்டம் இது. டெல்லி, மும்பை, கொல்கத்தா மூன்றும் நழுவிவிட, சென்னையில் மட்டும் நிலைத்தது.

சரி, சென்னைவாசிகள் ஓடிப்போய்ப் பெட்டி வாங்கினார்களா? பெரும்பாலோர் வாங்கவில்லை. பிரபலமான தமிழ்ச் சேனல்கள் பெட்டி இல்லாமலே தெரிந்தன. சீரியல் வந்தால் போதாதா? 2004-ல் இந்தியக் கிரிக்கெட் அணி பாகிஸ்தான் போனபோது ஒளிபரப்பு உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம் இருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், தூர்தர்ஷனிலும் மேட்ச் வந்தது. பெட்டி வாங்கலாமா என்று யோசித்தவர்களுக்கும் பர்ஸை மூட ஒரு காரணம் கிடைத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் கேபிளில் வேலை செய்யாது. காசு கொடுத்து வாங்கியது நாம், சாவி மட்டும் அவர்களிடம்!

பத்து வருஷம் கழித்து அதே கணக்கு வேறு வேஷத்தில் வந்தது. 2013-ல் அமெரிக்காவில் 35 டாலருக்கு கூகுள் விற்க ஆரம்பித்த 'குரோம்காஸ்ட்', 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு இந்தியா வந்தது. 2017-ல் அமேசானின் 'ஃபயர் டி.வி. ஸ்டிக்'.

மாட்டுவதற்கு ஆள் வரவேண்டாம். டி.வி.யின் ஹெச்.டி.எம்.ஐ. துளையில் செருகி, கரண்ட் கொடுத்து, ரிமோட்டில் அந்த 'சோர்ஸை'த் தேர்ந்தெடுத்து, வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தால் முடிந்தது. குரோம்காஸ்ட்டில் ஒரு வேடிக்கை. படம் நம் போனிலிருந்து டி.வி.க்குப் போவதாக நினைக்கிறோம். உண்மையில், 'இதைப் போடு' என்று சொல்வதோடு போனின் வேலை சரி. படத்தை அந்தக் கருவியே இண்டர்நெட்டிலிருந்து நேராக இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் போனில் பேசிக்கொண்டே சினிமா பார்க்க முடிகிறது.

2003-ல் 'பார்ப்பதற்கு மட்டும் பணம்' என்றபோது முகம் சுளித்த ஊர், இப்போது ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாகச் சந்தா கட்டுகிறது. கட்டாயப்படுத்தியபோது கசந்தது, நாமே தேர்ந்தெடுக்கும்போது இனிக்கிறது. வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாமே!

ஆனால், சாவி?

2025 மார்ச்சில் உலகெங்கும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் திடீரென்று முடங்கின. கருவியில் பழுது இல்லை. உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். 'யாரும் ரீசெட் செய்யாதீர்கள்' என்று கூகுள் கேட்டுக்கொண்டது. சரிசெய்யச் சில நாட்கள் ஆயின. அதுவரை காசு கொடுத்து வாங்கியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அன்று சாவி கேபிள் கம்பெனியிடம் இருந்தது. தெருமுனைக்குப் போய்ச் சண்டையாவது போடலாம். இன்று அது கடல் தாண்டி இருக்கிறது. அதனால் அடுத்தமுறை ஸ்டிக் வாங்கும்போது, 'என்ன விலை?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும்?' என்றும் கேளுங்கள்.