எண்ணெய்க்குப் பின்னால் இருந்த கைகள்

நற்றிணையின் 40ஆம் பாடல் பிள்ளை பிறந்த ஒரு வீட்டைக் காட்டுகிறது. வாசலில் மணி ஒலிக்கிறது, பந்தலில் மணல் பரப்பியிருக்கிறது, பாணர்கள் காவல் இருக்கிறார்கள். உள்ளே மெல்லிய படுக்கையில் குழந்தை செவிலியோடு உறங்குகிறது. வெண்சிறுகடுகு அப்பி, எண்ணெய் ஆட்டி, பசுநெய் பூசிய மென்மையான உடலோடு தாயும் கண் மூடிக் கிடக்கிறாள். பிள்ளை பெற்ற உடம்பைப் பேணுவது பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. தொல்காப்பியத்தின் கற்பியலும் பிள்ளை பெற்றவள் நெய் பூசியிருக்கும் அந்த நாட்களைக் குறிப்பிடுகிறது. என்ன பூசினார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் நாம் இங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பாட்டில் தாய் எதையுமே செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பூசியவர்கள் வேறு பெண்களாகவே இருந்திருக்க வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது செவிலி, தாய் தூங்குகிறாள். களைத்த தாய்மாருக்கு ஐந்தே நிமிடத்தில் முடியும் சருமப் பராமரிப்பு என்று இன்று பேசப்படுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. இன்றைய அறிவுரை தாயின் வேலையைச் சுருக்கப் பார்க்கிறது. பழைய ஏற்பாடு அந்த வேலையை வேறொருவர் கைக்கு மாற்றியது. பொருட்களைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டு அந்தக் கைகளை நாம் இழந்துவிட்டோம் என்பதே என் வாதம்.

நினைவுக்கு எட்டிய காலம் வரை தமிழ் வீடுகளில் இது எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் இந்த வாதம் தெளிவாகும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள். பிரசவமான உடம்பைப் பச்சை உடம்பு என்பார்கள். காற்று படக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, அடுப்படிக்குப் போகக்கூடாது. குறித்த நாட்களில் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ காய்ச்சித் தலை முதல் கால் வரை தேய்த்து, மஞ்சள் பூசி, நொச்சி, வேப்பிலை போன்றவற்றைப் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரை இடுப்பிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். பழைய பருத்திச் சேலையால் வயிற்றைக் கட்டுவார்கள். தலைமுடியைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துவார்கள். குமரி மாவட்டத்தில் வேது நீர்க் குளியல். யாழ்ப்பாணத்தில் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைப்பதும், 31ஆம் நாள் துடக்கு எனப்படும் தீட்டைக் கழிப்பதும் வழக்கம். இதற்குத் தேவைப்பட்ட உழைப்பை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். விறகு, கிணற்று நீர், அண்டா நிறைய வெந்நீர், இலை பறித்தல், மருந்து இடித்தல், லேகியம் கிளறுதல், தீட்டுத் துணி அலசுதல், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுதல் என்று ஒரு நாளில் பாதியை இரண்டு, மூன்று பெண்கள் இதற்கே கொடுத்தார்கள். பெற்றவளின் பங்கு மணையில் உட்காருவது, கொடுத்ததைச் சாப்பிடுவது, பால் கொடுப்பது, தூங்குவது. அவளுக்கு முயற்சி குறைவாக இருந்ததற்குக் காரணம் முறை எளிமையானதாக இருந்ததல்ல. உண்மையில் அது மிகவும் கடினமான முறை. கடினம் முழுவதும் மற்றவர்கள் தோளில் இருந்தது.

அந்த மற்றவர்களில் முதன்மையானவள் மருத்துவச்சி. தமிழகத்தின் பல பகுதிகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் நாவிதர் சமூகத்துப் பெண்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற தொகுப்பிலும் அம்பட்டர் சமூகத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்தது பதிவாகியிருக்கிறது. பிள்ளையை எடுப்பதோடு மருத்துவச்சியின் வேலை முடிந்துவிடவில்லை. தொடர்ந்து பல நாட்கள் வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பால் கட்டிக்கொண்டதா, காய்ச்சல் அடிக்கிறதா, இரத்தப் போக்கு அதிகமா, பெண் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்பதெல்லாம் அன்றாடம் அந்த உடம்பைத் தொட்டவளின் கண்ணில்தான் முதலில் படும். இவ்வளவுக்கும் அவளுக்குக் கிடைத்தது கொஞ்சம் அரிசி, எண்ணெய், ஒரு சேலை. அதற்கு மேல், பிரசவத் தீட்டைத் தொடுபவள் என்ற தாழ்வும் அவள் தலையில் வைக்கப்பட்டது. உயிர் காக்கும் ஒரு திறமையை இலவசத்துக்கு அருகில் வாங்கிக்கொண்டு, அதைச் செய்தவளை வாசலுக்கு வெளியே நிறுத்திய ஏற்பாடு அது. அவளுடைய பேத்திகள் அந்தத் தொழிலை விட்டு வெளியேறியதை இழப்பாகப் பேச நமக்கு உரிமை இல்லை. அது அவர்களுக்குக் கிடைத்த விடுதலை.

சரி, அந்த எண்ணெயும் மஞ்சளும் தோலுக்கு உண்மையில் என்ன செய்தன? வெதுவெதுப்பான எண்ணெய் தோலின் ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். இதமான கை தசைகளைத் தளர்த்தித் தூக்கத்தைக் கொண்டுவரும். இந்த அளவுக்கு நம்பலாம். வயிற்று வரிகளை எண்ணெயோ களிம்போ தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு மதிப்பாய்வும் அதைத்தான் சொன்னது. முகத்தில் விழும் மங்கு, கர்ப்பகால ஹார்மோன்களால் வருவது. பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்ல மங்கிவிடும், வெயில் பட்டால் கூடும். பிரசவமாகி இரண்டு முதல் நான்கு மாதங்களில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது, ஈஸ்ட்ரோஜன் இறங்குவதன் விளைவு. எந்தத் தைலமும் இல்லாமலே பெரும்பாலும் ஓராண்டுக்குள் சீராகிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய வெந்நீர் தோலை வறளச் செய்யக்கூடியது. அறையை அடைத்துப் போடும் புகை சிசுவின் நுரையீரலுக்குக் கெடுதல். ஆனால் இந்தக் கணக்கில் நாம் வழக்கமாகச் சேர்க்காத ஒரு பொருள் இருக்கிறது. தூக்கம் கெட்ட பெண்களின் தோலில் மேற்புறக் காப்பு அடுக்கு சேதமானால் அது சீராவதற்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் நற்றிணையின் அந்த வீட்டில் தோலுக்கு நிச்சயமாக நன்மை செய்தவற்றில் முக்கியமானது, செவிலி பிள்ளையை வைத்துக்கொண்டதால் தாய்க்குக் கிடைத்த உறக்கம்.

இந்த ஏற்பாடு உடைந்ததில் மருத்துவமனைக்கு முதல் பங்கு உண்டு. அந்தப் பங்கு பெருமைக்குரியது. சென்னையில் இன்று எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை என்று அறியப்படும் நிறுவனம் 1844இல் தொடங்கியது. ஆண் மருத்துவரிடம் வரத் தயங்கிய பெண்களுக்காக 1885இல் மருத்துவர் மேரி ஷார்லீப் தொடங்கிய மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக நிற்கிறது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902இல் பெண்களுக்கான மருத்துவமனையைத் திறந்தார். இன்று தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2018–20 கணக்கின்படி இங்கே லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு 54, இந்திய அளவில் 97. சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடி அறுத்த காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவச்சியிடம் இருந்த இரண்டு வேலைகளில் பிரசவம் பார்ப்பதை மட்டுமே மருத்துவமனை எடுத்துக்கொண்டது. பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களின் அன்றாடக் கவனிப்பை எந்த நிறுவனமும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனை சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதன்பின் வருவது பெரும்பாலும் தடுப்பூசித் தேதிகளும், பிள்ளையின் எடையைக் குறிக்கும் அட்டையும்தான். ஏறக்குறைய நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையாக நடக்கும் மாநிலத்தில், தையலோடு திரும்பும் ஒருத்திக்கு முதுகு தேய்த்துவிட யார் வருவார்கள் என்ற கேள்வி யாருடைய பொறுப்பிலும் இல்லை.

காலியான அந்த இடத்துக்குள் பொருட்கள் வந்து உட்கார்ந்தன. சோப்பு, பவுடர், குழந்தை எண்ணெய் எல்லாம் கடைக்கு வந்தன. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு தோலின் நிறத்தையே ஒரு குறையாக்கி விற்றது. 2020இல் பெயரை மாற்றிக்கொள்ளும் நிலைக்கு அது வந்தது. இன்று வரிகளுக்கு ஒரு களிம்பு, மங்குக்கு ஒரு சீரம், முடிக்கு ஒரு தைலம் என்று பட்டியல் நீள்கிறது. அரசின் நல்லெண்ணத்திலும் இதே போக்கைக் காணலாம். 2015இல் தமிழக அரசு தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. தாய்க்குச் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் உண்டு. ஏழை வீட்டுக்கு அது உதவியான பெட்டகம்தான், குறை சொல்வதற்கில்லை. லேகியத்தையும் எண்ணெயையும் பெட்டியில் வைத்துக் கொடுக்க முடிந்த அரசால், லேகியம் கிளறியவளையும் எண்ணெய் தேய்த்தவளையும் அனுப்ப முடியவில்லை. பொருள் மட்டும் வீட்டுக்கு வரும்போது அதைப் பயன்படுத்தும் உழைப்பும் தாயின் தலையில் விழுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுப்பவளுக்குக் கண்ணாடி முன் நிற்பது இன்னொரு கடமையாகிறது. அதைச் செய்ய முடியாதபோது தன்னைக் கவனித்துக்கொள்ளத் தெரியாதவள் என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றில் வலுவானது ஒன்று உண்டு. இந்தப் பொற்காலம் யாருக்கு இருந்தது என்ற கேள்விதான் அது. பாணர் காவலிருக்கும் நற்றிணை வீடு செல்வர் வீடு. செவிலி வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் எத்தனை பேர்? நடவு வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்த பெண்ணுக்குக் கூலி நின்றால் அடுப்பு நின்றுவிடும். பச்சை உடம்போடு களத்துக்குத் திரும்பியவர்கள்தான் அவர்களில் பலர். ஓய்வு அன்றும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். சென்னை மாகாணத்தின் 1934ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமும் ஆலைப் பெண்களோடு நின்றது. 1961இன் மத்தியச் சட்டம் பிரசவமான ஆறு வாரங்களுக்குப் பெண்ணை வேலை வாங்கக்கூடாது என்றது. 2017இல் விடுப்பு 26 வாரமானது. ஆனால் வீட்டு வேலை, வயல் வேலை, கட்டட வேலை செய்யும் பெரும்பான்மையினர் அந்த விடுப்பின் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள். 1987இல் தொடங்கி இன்று ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாயாக வளர்ந்திருக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. இந்த எதிர்வாதம் என் கருத்தைத் தகர்க்கவில்லை, கூர்மையாக்குகிறது. ஓய்வும் பிறர் கையும் அன்று சிலருடைய சலுகையாக இருந்தன. அவற்றை எல்லோருக்கும் உரிமையாக்குவதுதான் நாம் செய்யாமல் விட்ட வேலை.

இன்னொரு எதிர்வாதம் பெண்களிடமிருந்தே வருவது. பெரியவர்களின் கைக்குள் போவது என்றால் அவர்களுடைய அதிகாரத்துக்குள்ளும் போவதுதானே? தண்ணீர் குடிக்காதே, பழம் தொடாதே, அறையை விட்டு வராதே என்ற பட்டியல் பல பெண்களை வதைத்திருக்கிறது. தீட்டு என்ற பெயரில் மூலையில் ஒதுக்கி வைத்ததை ஓய்வு என்று அழைப்பது நேர்மையாகாது. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது தவறு. நாள் முழுக்க அசையாமல் படுக்கவைப்பது காலில் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். இவற்றையெல்லாம் கைவிடத்தான் வேண்டும். ஆனால் கவனிப்பும் அதிகாரமும் பிரிக்க முடியாதவை அல்ல. உறவின் கடனாக வரும் கவனிப்பில்தான் அதிகாரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கி, தாயின் விருப்பத்தைக் கேட்டுச் செய்யும் ஒருவரிடம் அது குறையும். நெதர்லாந்தில் பிரசவமான முதல் எட்டு, பத்து நாட்களுக்குப் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் வீட்டுக்கே வருகிறார். காப்பீடு அந்தச் செலவின் பெரும்பகுதியை ஏற்கிறது. தாயின் உடல்நிலையைப் பார்த்து, பால் கொடுக்கச் சொல்லித்தந்து, வீட்டு வேலையிலும் கைகொடுக்கிறார். தென்கொரியாவில் வீட்டுக்கு வரும் உதவியாளருக்கு அரசு மானியம் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளும் தாயும் சேயும் முதல் 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், அதன்பின் ஆறு வாரங்களுக்குள் குறைந்தது மூன்று முறை சந்திக்கப்பட வேண்டும் என்கின்றன. நவீன சமூகத்துக்கு இது இயலாத காரியமல்ல.

ஆகவே களைத்த தாயின் தோலுக்கு எது போதும் என்று கேட்டால் விடை சிறியது. வெதுவெதுப்பான நீர், உறுத்தாத ஒரு சோப்பு, குளித்த ஈரத்தோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ சாதாரண மாய்ஸ்சரைசரோ, வெளியே போனால் வெயில் தடுப்பு, தையல் ஆறும் வரை அதன்மேல் எதையும் தடவாமை. இதற்கு மேல் முகத்துக்கு ஏதாவது வேண்டுமானால் மருத்துவரைக் கேட்பது நல்லது. கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் களிம்புகளைத் தொடவே கூடாது. மீதி எல்லாம் மற்றவர்கள் செய்ய வேண்டியது. பிள்ளையை மூன்று மணி நேரம் வாங்கிக்கொள்ளும் கணவன், அதற்கு அவனுக்கு விடுப்புத் தரும் சட்டம், வாசலுக்கு வரும் உதவியாளர், அவருக்கு மரியாதையான ஊதியம். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு இருக்கிறது. தனியார் துறையில் வேலை செய்யும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. மருத்துவச்சியை இழிவிலிருந்து விடுவித்தது சரியான செயல். அவள் செய்த வேலையை எவரும் செய்ய வேண்டியதில்லை என்று அதிலிருந்து முடிவு கட்டியது தவறு. அந்த வேலைக்கு இப்போது ஒரு பதவியும் பயிற்சியும் சம்பளமும் வேண்டும். அது கிடைக்கும் வரை புதுத் தாயிடம் இன்னொரு களிம்பை நீட்டுவதை நிறுத்திவிட்டு, அவள் கையிலிருக்கும் பிள்ளையை வாங்கிக்கொள்வதுதான் நம்மால் முடிந்த உண்மையான சருமப் பராமரிப்பு.