மடைநூல் முதல் விடுதிக் கல்வி வரை

'ஓட்டல்' என்னும் சொல் தமிழில் அடைந்த பொருள் மாற்றம் ஆராயத்தக்கது. ஆங்கிலத்தில் அது வழிப்போக்கர் தங்கும் விடுதியைக் குறிக்கும். அங்கு உணவும் கிடைக்கும் என்பது அடுத்த செய்தி. தமிழ்நாட்டிலோ படுக்க இடமே இல்லாத, நான்கு மேசை போட்ட சிற்றுண்டிக் கடைக்கும் 'ஓட்டல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. புலால் உணவு கிடைத்தால் 'மிலிட்டரி ஓட்டல்'. காபி சிறந்திருந்தால் 'காபி கிளப்'. அங்கு எந்தச் சங்கமும் கூடியதாகச் செய்தி இல்லை. கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் இச்சொல்லை அப்பொருளுடனேயே கொண்டு வந்தனர். ஆகவே, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தந்தையிடம், "உங்கள் மகன் ஓட்டல் நிருவாகம் படிக்கலாமே" என்று சொன்னால், அவர் மனக்கண்முன் வந்து நிற்பது எச்சில் இலை எடுக்கும் வாளிதான். இந்தச் சொல் மயக்கம் நம் பிள்ளைகள் சிலரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியிருக்கிறது. அத்தவற்றில் எனக்கும் பங்குண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

சமையலைக் கல்வியாகக் கருதும் எண்ணம் மேனாட்டிலிருந்து நமக்கு வந்தது என்று பலர் நினைக்கின்றனர். மாணவர்க்கு மணிமேகலை கற்பிக்கும் ஆசிரியர்கள் ஊரலருரைத்த காதையை ஒருமுறை மீண்டும் புரட்டிப் பார்க்க வேண்டும். நாடக மகளிர் பயில வேண்டிய கலைகளைச் சாத்தனார் அடுக்கிச் செல்லுமிடத்து, ஆடலோடும் பாடலோடும் யாழோடும் குழலோடும் 'மடைநூல்' செய்தியையும் சேர்த்துச் சொல்கிறார். மடைநூல் என்பது சமையல் நூல். கோயில் மடைப்பள்ளி என்னும் வழக்கில் அச்சொல்லின் உறவு இன்றும் எஞ்சியுள்ளது. சிறுபாணாற்றுப்படையோ, நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த விருந்து வீமனுடைய நூலின் நெறி வழுவாதது என்கிறது. அந்நூல்கள் நம் கைக்கு வந்து சேரவில்லை. ஆயினும், அடுக்களைத் தொழிலுக்கு ஏட்டு வடிவில் ஒரு நெறி உண்டு, அதனை முறையாகப் பயில வேண்டும் என்னும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இவ்விரு சான்றுகளும் போதும்.

பிற்காலத்தில் ஏடு மறைந்து கை மட்டும் நின்றது. தமிழ்நாட்டு ஓட்டல்களில் 'சரக்கு மாஸ்டர்' என்பார் ஒருவர் இருப்பார். அவர் அடுப்பருகே நின்றால்தான் அன்றைய சாம்பாருக்கு உயிர். அவருக்குக் கீழே அரவை, காய்கறி நறுக்கல், பாத்திரம் கழுவல் எனப் படிகள் உண்டு. கழுவத் தொடங்கியவன் பத்தாண்டில் கரண்டி பிடிக்கலாம். சென்னையில் 'உட்லண்ட்ஸ்' ஓட்டலை நிறுவிய கிருஷ்ணராவ் சிற்றாளாகத் தொடங்கி உயர்ந்தவர்தாம். நம் நாட்டு இந்திய முஸ்லிம் உணவுக் கடைகளில் 'பண்டாரி' என்று அழைக்கப்படும் சமையற்காரரின் பயிற்சியும் இத்தகையதே. இம்முறையில் ஒரு குறை உண்டு. மாஸ்டர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. தம் மசாலைக் கலவையைத் தம்மோடு சுடுகாட்டுக்குக் கொண்டுபோன மாஸ்டர்கள் எத்தனை பேரோ!

இனி நம் ஊருக்கு வருவோம். 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாக அழித்தன. அதுவரை நகரத்து வீடுகள் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனவை. 1882-இல் சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்டப் பணித்தார். அதற்கான சூளைகள் எழுந்த களிமண் நிலமே பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்வே வளர வளரப் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊராயிற்று. தண்டவாளக் கூலிகளாகத் தமிழகத்துத் தமிழரும், எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழரும் இங்குக் குடியேறினர். அவர்களுக்கெனக் குவார்ட்டர்ஸ் வரிசைகள், கோயில்கள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் தோன்றின.

1910-இல் ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்தளித்த கோலாலம்பூர் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. வெண்கோபுரங்களும் வளைவுகளும் கொண்ட அக்கட்டடத்துக்குள்ளேயே நிலைய விடுதி ஒன்றும் இயங்கியது. வெள்ளைத் துரைமார் இறங்கினர், உண்டனர், உறங்கினர். அவ்விரயிலை ஓட வைத்த உழைப்பில் தமிழன் பங்கு பெரிது. ஆனால், அந்த விடுதி போன்றவற்றின் சமையற்கட்டில் அவனைக் காண்பது அரிது. மலாயாவில் மேனாட்டுச் சமையல் ஹைனான் தீவினின்று வந்த சீனர் கைக்குப் போயிற்று. பிற சீனக் குழுவினர்க்குப் பின்னால் வந்த அவர்கள், ஈயமும் வாணிகமும் ஏற்கெனவே பிறர் வசமாகிவிட்டதைக் கண்டு, துரைமார் வீட்டு அடுக்களையிலும் விடுதிகளிலும் நுழைந்தனர். 1921-இல் பத்து சாலையில் தொடங்கிய கொலிசியம் உணவகமும் விடுதியும் ஹைனானியர் முயற்சியே. துரைக்குப் பிடித்த இறைச்சி வறுவலை அவர்கள் கற்றது எந்தப் பள்ளியிலுமன்று. அண்ணன் தம்பிக்குச் சொல்ல, ஊரான் ஊரானுக்குச் சொல்லப் பரவிய வித்தை அது.

நம்மவர் சமைத்தது நம்மவர்க்கே. குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆடவர்க்கு மாதக் கணக்கில் சோறிட்ட கடைகள், பின்னாளில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் புகழ்பெற்ற கடைகளாக வளர்ந்தன. இன்று சீனரும் மலாய்க்காரரும் சுற்றுலாப் பயணிகளும் இலைமுன் அமர்கின்றனர்.

இதே காலத்தில் உலகின் வேறு பகுதியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1893-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜாக் சூமி என்பார் விடுதித் தொழிலுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஒரு விடுதியின் கட்டடத்திலேயே அது தொடங்கிற்று. 1903-இல் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் எஸ்கோபியே தம் பெருநூலை வெளியிட்டார். அவரை மேனாட்டு மடைநூலாசிரியர் எனலாம். படைப்பிரிவு போல, குழம்புக்கு ஒருவர், இறைச்சிக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று சமையற்கட்டை அவர் வகுத்த முறையே இன்றைய பெரிய விடுதிகளின் முறை. 1922-இல் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகம் விடுதி நிருவாகத்தைப் பட்டப்படிப்பாக்கியது. இந்தியாவில் 1954-இல் பம்பாயில் இதற்கெனக் கல்விக்கூடம் தோன்றியது. சென்னைத் தரமணியிலும் பின்னர் ஒன்று அமைந்தது.

நம் நாட்டில் 1967-இல் அப்பெயர் பெற்ற மாரா தொழில்நுட்பக் கழகம், அக்காலத்திலேயே விடுதி, உணவகத் துறையை வளர்க்கலாயிற்று. அது பூமிபுத்திரா மாணவர்க்கென அமைந்த கழகம். 1972-இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1990-ஐ 'மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு' என அரசாங்கம் அறிவித்தது. விடுதிகள் பெருகின, ஆள் தேவை பெருகிற்று. தனியார் கல்லூரிகள் இத்துறையில் டிப்ளோமா வழங்க முன்வந்தன. ஆனால், அவற்றின் கட்டணம் இரயில்வேத் தொழிலாளியின் மகனுக்கு எட்டுவதாய் இல்லை. எஸ்.பி.எம். தேர்வில் சிறக்காத ஏழை மாணவனுக்கு வழி திறந்தது வேறொரு திசையில். 1989-இல் அமைந்த தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் திறன் சான்றிதழ்களைப் படிநிலைகளாக வகுத்தது. 2001 முதல் சமூகக் கல்லூரிகள் தோன்றின. 2006-இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. இதன்படி முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா.

இப்படிப்பில் என்னதான் கற்பிக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் பலர் கேட்பதுண்டு. விருந்தினரை வரவேற்று அறை ஒதுக்கும் முன்னலுவலகம், அறைப் பராமரிப்பு, உணவு ஆக்கம், பரிமாறல் என்பன அடிப்படைப் பிரிவுகள். இவற்றோடு கணக்கியல், துப்புரவு, மொழிப் பயிற்சி. சமைத்த உணவை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் விடலாகாது. அதில்தான் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். முதலில் வந்த சரக்கை முதலில் பயன்படுத்த வேண்டும். ஒரு தட்டு உணவு 12 வெள்ளிக்கு விற்றால், அதில் அடங்கிய பொருளின் விலை ஏறத்தாழ 4 வெள்ளிக்குள் நிற்க வேண்டும்; எஞ்சியதில்தான் வாடகை, கூலி, எரிவாயு, இலாபம் எல்லாம். சரக்கு மாஸ்டரும் இதனை அறிவார். பழைய பருப்பு மூட்டையை முன்னே இழுத்து வைக்கச் சொல்லாத மாஸ்டர் உண்டா? அவர் அதற்குப் பெயர் சூட்டவில்லை; எழுதி வைக்கவுமில்லை.

வாழையிலைக் கடையில் பாடநூற் கணக்கு ஒன்று மட்டும் இடறும். பாடநூல் ஒவ்வொரு தட்டுக்கும் அளவு குறித்து வைக்கும். நம் கடையிலோ சோறும் சாம்பாரும் கேட்கக் கேட்க வரும். அளவு குறித்தால் அது வாழையிலைச் சாப்பாடே அன்று! மாஸ்டர் தட்டை எண்ணுவதில்லை, தலையை எண்ணுகிறார். வெள்ளிக்கிழமை மரக்கறிக்கு இத்தனை தலை, மழை பெய்தால் இத்தனை குறைவு, சம்பள வாரத்தில் இத்தனை கூடுதல் என்று அவர் போடும் கணக்கு பெரும்பாலும் பிசகுவதில்லை. இதனைக் கல்லூரிப் பாடமாக்க ஒருவர் முன்வந்தால் நன்று.

நான் ஒப்புக்கொண்ட செய்தியைச் சொல்லும் இடம் இதுவே. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேப் பணிமனை நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2004-இல் அதனருகே ஹில்டன், லே மெரிடியன் ஆகிய இரு பெரும் விடுதிகள் எழுந்தன. பாட்டன்மார் சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்த்த மண்ணில், கண்ணாடிச் சுவர்களுடன் ஓட்டல்கள்! அவ்வாண்டில் என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். அவன் தாத்தா இரயில்வேயில் வேலை செய்தவர். தந்தை ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவர். ஐந்தாம் படிவம் முடித்திருந்தான். "ஐயா, ஓட்டல் படிப்புக்கு விண்ணப்பம் போடலாமா?" என்று கேட்டான். நான் சிறிதும் எண்ணிப் பாராமல், "அப்பா படும் பாடு போதாதா, தம்பி? கணினி படி" என்றேன். ஆசிரியர் சொல் என்று கேட்டுக்கொண்டான். கணினிப் படிப்பை இடையில் விட்டான். சில காலம் பொருள் ஏற்றும் வேலை. பின்னர் உணவுக் கடை. தந்தையின் தோளில் கிடந்த துண்டு அவன் தோளுக்கு வந்தது. நான் தடுத்தது படிப்பை மட்டுமே. தொழிலைத் தடுக்க என்னால் முடியவில்லை.

2018-இல் அன்றைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், அடுத்த ஆண்டு முதல் உணவகங்களில் உள்நாட்டவரே சமையற்காரராக இருக்க வேண்டும் என்று அறிவித்தார். உணவகத்தார் திகைத்தனர், எதிர்ப்பு எழுந்தது, அறிவித்தபடி அது நடைமுறைக்கு வரவில்லை. நம் பிள்ளைகள் இவ்வேலைக்கு வருவதில்லை, இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தால்தான் அடுப்பு எரியும் என்பது கடைக்காரர் கூற்று. அது பொய்யன்று. ஆனால், வராமைக்குக் காரணம் சம்பளமும் வேலை நேரமும் மட்டுமல்ல. வராதே என்று சொன்னவர்களும் இருக்கிறோம்.

சென்ற ஆண்டு அதே மாணவன் என் அலுவலகத்துக்கு வந்தான். நாற்பதை நெருங்கும் வயது. ஒரு கடையில் தலைமைச் சமையற்காரன். திறன் சான்றிதழ் முறையில், வகுப்புக்குச் செல்லாமலே, பல்லாண்டு அனுபவத்தைச் சான்றுகளால் மெய்ப்பித்துத் தகுதி பெறும் வழி ஒன்று உண்டு. அதற்குத் தன் வேலையைப் படிப்படியாக எழுதிக் கோப்பாக்க வேண்டும்; படங்கள் சேர்க்க வேண்டும். "எழுத்து எனக்கு வராது, ஐயா. நீங்கள்தாம் உதவ வேண்டும்" என்றான். மறுக்க எனக்கு என்ன உரிமை?

நான்கு சனிக்கிழமைகள் அவன் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன். நூறு பேருக்குச் சாம்பார் என்றான். பருப்பு எவ்வளவு என்றேன். கையால் அள்ளிக் காட்டினான். கை அளவு கோப்பில் ஏறாது என்று சொல்லி, பள்ளி அறிவியல் அறையின் தராசை எடுத்து வந்தேன். பருப்புப் பையில் கைவிட்டு மூன்று முறை அள்ளினான். முதல் முறை 92 கிராம். இரண்டாம் முறை 94. மூன்றாம் முறை மீண்டும் 92. ஒரு கைப்பிடி 93 கிராம் என்று எழுதிக்கொண்டு, அடுத்து மல்லி எவ்வளவு என்று கேட்டேன்.