காற்றுத் தடுப்பான் தாங்கி: ஒரு மோட்டார் சைக்கிள் பழுதின் வரலாறு

காற்றுத் தடுப்பான் (விண்ட்ஷீல்டு) என்பது ஓட்டுநர் மீது மோதும் காற்று, தூசி, பூச்சிகள் ஆகியவற்றைத் தடுக்க மோட்டார் சைக்கிளின் முன்புறம் பொருத்தப்படும் ஒளி ஊடுருவும் தகடு ஆகும். அதை ஹேண்டில்பார், ஃபோர்க் அல்லது முகப்பு விளக்குக் கூட்டுடன் பிணைக்கும் பட்டை, கிளாம்ப், திருகு, ரப்பர் புஷ் ஆகியவற்றின் தொகுப்பு தாங்கி எனப்படும். பட்டறைகளில் சிறிய தகட்டை 'வைசர்' என்றும் விளக்கைச் சுற்றியுள்ள கூட்டை 'டூம்' என்றும் வழங்குவர். தாங்கி இரும்பாக இருந்தவரை அதன் பழுது மேலூர் போன்ற சிற்றூர்ப் பட்டறைகளின் வேலையாக இருந்தது. அது நெகிழியாக மாறியபின், பழுதுநீக்கம் பெரும்பாலும் பாகத்தையே மாற்றும் வேலையாகிவிட்டது.

உடைவதற்கான காரணங்கள்

தாங்கியின் மீது இரண்டு விசைகள் செயல்படுகின்றன. முதலாவது காற்றின் எதிர்ப்பு. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு விசை 80 கி.மீ. வேகத்தில் தாங்கியை அழுத்தும்.

இரண்டாவது அதிர்வு. ஒற்றை உருளை எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது நொடிக்கு 50 முறை அதிர்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் இது 1,80,000 அதிர்வுகளாகும். ஒரே அடியில் முறியாத இரும்பும் சிறு விசை பன்முறை தாக்கினால் முறியும். இதை உலோகக் களைப்பு என்பர். 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் முறிவதை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இதனை முறையாக விளக்கினார்.

ரப்பர் புஷ்ஷின் வேலை இந்த அதிர்வை உறிஞ்சுவதாகும். வெயிலில் ரப்பர் இறுகிவிட்டாலோ, திருகை அளவுக்கு மீறி முறுக்கினாலோ அதிர்வு முழுதும் துளையின் விளிம்பில் சேர்கிறது. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

வரலாறு

அக்ரிலிக் தகடு 1933இல் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் விமானங்களில் பெருமளவு பயன்பட்டது. அதைவிட அடி தாங்கும் பாலிகார்பனேட் 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. அமெரிக்கரான கிரெய்க் வெட்டர் 1971இல் அறிமுகப்படுத்திய விண்ட்ஜாமர் என்ற முகப்புக் கூடு நெடுந்தூரப் பயணிகளிடையே புகழ்பெற்றது. 1976இல் பி.எம்.டபிள்யூ. ஆர்100ஆர்எஸ் வண்டி ஆலையிலிருந்தே முழு முகப்புக் கூட்டுடன் வெளிவந்தது.

தமிழ்நாட்டில் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தியானது. புல்லட்டில் காற்றுத் தடுப்பான் வேண்டுவோர் தனியாக வாங்கி, இரும்புப் பட்டையும் கிளாம்பும் கொண்டு ஹேண்டில்பாரில் பூட்டினர். பட்டை முறிந்தால் அதே அளவில் வேறொன்றை வெட்டி, வளைத்து, துளையிட்டால் போதும்.

2003இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா முதலான வண்டிகள் முகப்புக் கூட்டைப் பரவலாக்கின. அவ்வகைக் கூடுகளில் தாங்கும் காதுகள் நெகிழியிலேயே வார்க்கப்பட்டன. ஒரு காது முறிந்தால் முழுக் கூட்டையும் மாற்ற வேண்டிய நிலை உருவானது.

மதுரையும் மேலூரும்

மதுரைக்கு வண்டிகளோடு உள்ள உறவு பழையது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய பேருந்துத் தொழில் மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியையும் அந்நிறுவனம் செய்தது. இருசக்கர வாகன டயர்கள் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலை மேலூர் வட்டம் வெள்ளரிப்பட்டியில் உள்ளது.

மேலூர், பெரியாறு பாசனத்தால் நெல் விளையும் வட்டாரம். கிரானைட் குவாரிகளும் இங்கு இயங்கின. டிராக்டரும் லாரியும் ஓடும் இத்தகைய ஊரில் வெல்டிங் பட்டறையும் லேத் பட்டறையும் இன்றியமையாதவை. மோட்டார் சைக்கிளின் தாங்கியும் அதே பட்டறைகளில்தான் உயிர்பெற்றது.

பழுதுநீக்கும் முறைகள்

இரும்புத் தாங்கி: வண்டியிலிருந்து கழற்றி, பெயின்டைச் சுரண்டி, விரிசலை 'வி' வடிவில் அராவிய பின்னரே வெல்டிங் செய்ய வேண்டும். மேலாகப் பற்றவைத்தால் உள்ளிருக்கும் விரிசல் மீண்டும் வளரும். மூலையில் ஒரு சிறு முக்கோணத் தகடு சேர்த்தால் வலு கூடும். முடிவில் துருத் தடுப்புப் பூச்சு அவசியம்.

அலுமினியத் தாங்கி: இதற்குச் சாதாரண வெல்டிங் பயன்படாது, ஆர்கான் வாயு வெல்டிங் தேவை.

நெகிழித் தாங்கி: சூடான சால்டரிங் அயர்னால் மெல்லிய கம்பி வலையை விரிசலின் பின்புறம் பதித்து இணைக்கலாம். விரைவில் ஒட்டும் பசையுடன் சமையல் சோடாவைத் தூவிக் கெட்டியாக்குவதும் உண்டு. ஆனால் பாலிபுரொப்பிலீன் வகை நெகிழியில் பசை சரியாகப் பிடிக்காது.

தகடு: விரிசலின் நுனியில் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடுவது தடைபடும். பாலிகார்பனேட்டைப் பெட்ரோலால் துடைக்கக்கூடாது. திருகு கழலாமல் இருக்க ஊற்றும் பூட்டுப் பசையும் அதில் விரிசலை உண்டாக்கும். அதற்குப் பதில் நைலாக் நட்டும், பழைய டியூப்பில் வெட்டிய ரப்பர் வாஷரும் போதும்.

பாதுகாப்பும் பழுதுநீக்கும் உரிமையும்

ஓட்டத்தில் தாங்கி கழன்றால் தகடு முகத்தில் மோதலாம். ஹேண்டில்பார் திரும்புவதையும் தடுக்கலாம். ஆகவே பொருத்திய பின் இருபுறமும் முழுமையாகத் திருப்பி, கேபிள்கள் சிக்காததைப் பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் வழக்கம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை உள்ளது. வண்டியில் வைத்தே வெல்டிங் செய்தால் மின்னணுக் கருவி பழுதாகக்கூடும் என்பதால், தாங்கியைக் கழற்றிச் செய்வதே முறை.

பாகத்தை மாற்றுவது எளிது. ஆயினும் ஒரு காது முறிந்ததற்காக முழுக் கூட்டுக்கும் பணம் கொடுப்பவர் வண்டியின் உரிமையாளரே. 2022 டிசம்பரில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதில் இடம்பெற்ற நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. உதிரிபாகமும் பழுதுநீக்கும் விவரமும் நிறுவனத்தின் சேவை மையத்திற்கு வெளியேயும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். சிற்றூர்ப் பட்டறைகளின் எதிர்காலம் பெரிதும் இதைச் சார்ந்துள்ளது.