பால்சுறாவில் எது பால்?

தின்ற தாய்க்குப் பாலைச் சுரக்க வைப்பதால்தான் அந்த மீனுக்குச் சுறா என்று பெயராம். கேட்க இனிக்கிறது, எழுத்து இடம் தரவில்லை. சுரத்தலில் இருப்பது இடையின ரகரம், சுறாவில் இருப்பது வல்லின றகரம். மலையாளத்து ஸ்ராவும் தெலுங்குச் சொரவும் சுறவு என்ற பழைய வடிவத்தின் உறவினர்கள். பட்டினப்பாலைப் பரதவர் நட்டு வழிபட்டது சுறவின் கொம்பை. வாள்போல் மூக்கு நீண்ட வேளா மீனும் அன்று அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

பால் என்பது அடைமொழியில் மட்டும் உண்டு. சதை வெளுப்பாக இருப்பதால் பால்சுறா என்பார்கள் சிலர். வெந்தால் எந்தச் சுறாதான் வெளுக்காது?

காரைக்குடிப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு ஆயாவோ அப்பத்தாவோ சுறாப்புட்டு செய்வார்கள். மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டைத் தூக்கலாகப் போட்டுக் கிளறுவது. தாய்ப்பால் ஊறும் என்ற நம்பிக்கை இந்த ஊர்களோடு நிற்கவில்லை. விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி 1803இல் நூல் வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸல், தெலுங்கு வழக்கிலிருந்து ‘பால சொர்ரா’வைப் பதிந்தார். தெலுங்கில் பால என்பதற்குப் பாலின் என்று பொருள் உண்டு. அந்தப் பெயரே பிறகு லத்தீன் உடுத்து விலங்கியலுக்குள் போயிற்று. ஆங்கிலேயரும் ‘மில்க் ஷார்க்’ என்றார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். சந்தையில் பால்சுறா என்ற ஒரே பெயருக்குள் நெருங்கிய உறவான இரு இனங்கள் கலந்துவிடுகின்றன. விலங்கியலாரும் நெடுங்காலம் இரண்டையும் ஸ்கோலியோடான் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 1964இல் விக்டர் ஸ்பிரிங்கர் பிரித்தார். ரைசோபிரியோனோடான் அக்யூட்டஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வாயோரத்து வரிப்பள்ளம் நீளம். ஸ்கோலியோடான் லாட்டிகாடஸ் முக்கால் மீட்டரைத் தாண்டாது. மூக்கு மண்வெட்டிபோல் தட்டை. இரண்டுமே நஞ்சுக்கொடியோடு குட்டி போடுபவை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் முதலாவது அழிவாய்ப்பு இனம். இரண்டாவது அச்சுறு நிலையை அண்மித்தது. 2022இல் பனாமாவில் கூடிய, உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு, இவை அடங்கிய குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்து ஏற்றுமதிக்கு அனுமதியைக் கட்டாயமாக்கியது. உள்ளூர்க் கூடைக்கு அந்த விதி இல்லை. அங்கே இரண்டும் ஒரு பெயரில், ஒரே எடைக்கல்லில் போகின்றன. எது எவ்வளவு குறைகிறது என்பது கணக்கிலேயே ஏறாமல் போகிறது.

பால்சுறாவின் பால் சதையின் நிறமல்ல, தாயின் பால்தான். அந்தப் பெயரை வைத்தவர்கள் பிள்ளை பெற்ற வீட்டில் அடுப்படியில் நின்ற பெண்களாக இருக்க வேண்டும்.