அடிச்சட்டகமும் ஆவணமும்: சோவியத் போர்க்கால லொறிகளின் எச்சங்கள் பற்றிச் சில குறிப்புகள்

வரலாற்றுச் சான்றுகள் என்றதும் ஏட்டுச்சுவடிகளும் கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இயந்திரங்களைச் சான்றாகக் கொண்டு ஆராயும் மரபு தமிழிற் பெரிதும் வளரவில்லை. உற்பத்திச் சக்திகள் பற்றி ஓயாது பேசும் நம் மார்க்சிய ஆய்வாளர்களுள்ளும் ஓர் இயந்திரத்தை அருகிற் சென்று, குனிந்து, அதன் அடிப்பாகத்தை நோக்கியவர்கள் அரியர். ஆயின் இரண்டாம் உலகப்போர் போன்ற அண்மைக்கால நிகழ்ச்சியொன்றைப் பொறுத்தவரையில், எழுத்தாவணங்கள் மறைத்தவற்றையும் திரித்தவற்றையும் எஞ்சியிருக்கும் பொருள்கள் சிலவேளை காட்டிக்கொடுத்துவிடுகின்றன. போர்க்காலச் சோவியத் இராணுவ லொறிகளுட் சில வகைகள் இன்று மிக அருகிவிட்டன. அவற்றைத் தேடிக் கண்டறியும் முயற்சி வெறும் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு அன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொஸ்கோவிலிருந்து வெளியான தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் படித்து வளர்ந்த தலைமுறையினருக்குக் 'கத்யூஷா' என்ற பெயர் புதிதன்று. லொறியொன்றின் மீது சாய்த்து நிறுத்தப்பட்ட தண்டவாளங்களிலிருந்து 16 ரொக்கெட்டுகளைச் சில விநாடிகளிற் செலுத்தவல்ல பிஎம்-13 ஏவுவண்டிக்குச் செம்படையினர் இட்ட செல்லப்பெயர் அது. 1938இல் பிளான்தர் இசையமைத்த பாடலொன்றின் பெயரும் அதுவே. முன்னைய சோவியத் குடியரசுகளின் நகரங்கள் பலவற்றில் இவ்வண்டி பீடமேற்றப்பட்டு நினைவுச் சின்னமாய் நிற்கிறது. பீடத்தில் 1941 - 1945 என்று பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் மேலே நிற்கும் லொறியை உற்று நோக்கினால், பலவிடத்தும் அது 1945க்குப் பின்னர் உற்பத்தி செய்யப்பட்டது என்பது புலனாகும். போரில் உண்மையாகவே ஓடிய லொறி எங்கே என்ற வினா இங்கிருந்துதான் எழுகிறது.

பிஎம்-13ஐத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவரும் முடிவு 1941 ஜூன் 21ஆம் நாள், அதாவது நாஸி ஜேர்மனி படையெடுப்பதற்கு முந்திய நாள், எடுக்கப்பட்டது. ஜூலை 14இல் கப்டன் இவான் ஃபிளியோரோவின் பீரங்கியணி பெலோருஷியாவின் ஓர்ஷா புகையிரத நிலையத்தின் மீது முதற்றடவையாக இவ்வாயுதத்தைப் பிரயோகித்தது. அவ்வணியிடம் 7 ஏவுவண்டிகள் இருந்தன. அவை ஸிஸ்-6 என்ற மூவச்சு லொறியின் மீது, தொழிலாளர் 'செசி' என வழங்கும் அடிச்சட்டகத்தின் மீது, பொருத்தப்பட்டவை. அக்டோபர் 7ஆம் நாள் ஸ்மொலென்ஸ்க் பிரதேசத்தின் பொகத்தீர் என்ற கிராமத்துக்கருகே அவ்வணி சுற்றிவளைக்கப்பட்டபோது, வண்டிகள் எதிரியின் கையிற் சிக்காதவாறு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஃபிளியோரோவும் அங்கேயே மாண்டார். 1995ஆம் ஆண்டிலேதான் ரஷ்யக் கூட்டாட்சியின் வீரர் என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

ஆகவே முதலாவது கத்யூஷாக்கள் அழிந்தமைக்குக் காரணம் வெளிப்படை. ஆனால் ஸிஸ்-6 என்ற லொறி வகையே ஏறத்தாழ அற்றுப்போனமைக்கு வேறொரு காரணமும் உண்டு; அது உற்பத்தி வரலாற்றோடு தொடர்புடையது. மொஸ்கோவின் ஸ்டாலின் தொழிற்சாலை 1933 முதல் 1941 வரை இவ்வகையில் ஏறக்குறைய 21,000 லொறிகளைச் செய்தது. அதன் தாய்வடிவம் 3 தொன் பாரம் ஏற்றும் ஈரச்சு ஸிஸ்-5. இரண்டிற்கும் இயந்திரம் ஒன்றே: 73 குதிரைவலு. ஓரச்சு மிகுந்து பாரமும் கூடிய வண்டியை அதே இயந்திரம் இழுக்கவேண்டியிருந்தது. முன்சில்லுகளுக்கு உந்துவிசை கிடையாது. ரஷ்ய இலையுதிர்காலச் சேற்றில் அது எவ்வளவு திண்டாடியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1941 அக்டோபரில் ஜேர்மன் படைகள் மொஸ்கோவை நெருங்கவே தொழிற்சாலை கிழக்கே உலியானோவ்ஸ்க், மியாஸ் முதலிய நகரங்களுக்குப் பெயர்க்கப்பட்டது. ஸிஸ்-5இன் உற்பத்தி மீளத் தொடங்கிற்று. ஸிஸ்-6இன் உற்பத்தி அத்துடன் நின்றது.

இவ்வேறுபாடு தேடுவோருக்கு மிக முக்கியமானது. ஸிஸ்-5 போருக்குப் பின்னரும் மியாஸில் 1950களின் நடுப்பகுதிவரை செய்யப்பட்டது. எனவே கிராமத்துக் கூட்டுப்பண்ணையொன்றின் கொட்டிலிலே ஸிஸ்-5 கண்டெடுக்கப்பட்டால் அது போர்கண்ட வண்டி என்று உடனே முடிவுகட்டல் ஆகாது. மரச் சாரதிக் கூண்டும், தகட்டை அச்சிலிட்டு வளைக்காது மடித்துச் செய்த கோணல் மட்காட்டுகளும் போர்க்காலச் சிக்கனத்தின் அடையாளங்களே எனினும், அச்சிக்கனம் போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் நீடித்தது. ஸிஸ்-6 அத்தகைய ஐயத்துக்கு இடந்தராது. அது எங்கே கிடைப்பினும் 1941க்குப் பிந்தியதன்று. ஆனால் அது கிடைப்பதுதான் அரிது. சென் பீட்டர்ஸ்பேர்க்கின் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தில் ஸிஸ்-6 மீதமைந்த பிஎம்-13 ஒன்று காட்சிக்குண்டு. வேறிடங்களில் ஸிஸ்-6 என்று காட்டப்படுவனவற்றுட் சில, ஸிஸ்-5இன் உறுப்புகளைக் கொண்டு சட்டகத்தை நீட்டி மூன்றாம் அச்சுப் பொருத்திப் பிற்காலத்திற் செய்யப்பட்டவை.

சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் இவ்விடத்திற் புன்னகை புரியக்கூடும். சி. வை. தாமோதரம்பிள்ளை ஊரூராய் ஏடு தேடிய காலத்தில் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் யாவும் இங்கும் உள: சிதைந்த படி, பிற்காலத்துப் படி, இடைச்செருகல், ஒன்றின் தலைப்பு மற்றொன்றின் மீது ஏறியமை. மூலபாடத் திறனாய்வின் முறைகளும் பொருந்துகின்றன. சட்டகத்திற் பொறித்த இலக்கம், இயந்திர இலக்கம், தொழிற்சாலைத் தகடு, தறையாணிகளின் வரிசை என்பன ஒன்றோடொன்று இயைகின்றனவா என்று ஒப்புநோக்கியே வண்டியின் காலம் துணியப்படுகிறது. தொழிற்சாலையின் பெயர்கூடக் கால ஆராய்ச்சிக்கு உதவும். சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 20ஆம் பேராயம் நடைபெற்ற 1956ஆம் ஆண்டில் ஸ்டாலின் தொழிற்சாலை லிகச்சோவ் தொழிற்சாலையாயிற்று. ஸிஸ் என்ற எழுத்துகள் ஸில் ஆயின. ஆகவே ஸில்-157 மீது ஏறிநிற்கும் கத்யூஷா, போர் முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பின் உற்பத்தி தொடங்கிய லொறியின் மீதே நிற்கிறது.

இதனைப் பொய் என்று சொல்லிவிடலாமா? அவ்வாறு அவசரப்படுவது முறையன்று. பிஎம்-13 போருக்குப் பின்னரும் பல ஆண்டுகள் படைச்சேவையில் இருந்தது. 1949 அளவில் ஸிஸ்-151 மீதும், 1958இல் ஸில்-157 மீதும், 1966இல் ஸில்-131 மீதும் அதனை இராணுவமே மாற்றிப் பொருத்திற்று. பீடங்களில் ஏறியவை பெரும்பாலும் சேவையினின்று ஓய்வுபெற்ற இத்தகைய வண்டிகளே. நமது பரிபாஷையிற் சொன்னால் அவை இடைச்செருகல் அல்ல, பிற்காலப் படிகள். பிற்காலப் படியை மூலம் என்று தலைப்பிட்டு நிறுத்தியதே சிக்கல். அத்தலைப்பினால் மறைந்துபோனது எது என்று கேட்கும்போதுதான் விடயம் அரசியலாகிறது.

மறைந்துபோனது ஸ்டூடிபேக்கர். 1942 முதல் கத்யூஷாக்கள் பலவகை வண்டிகளின் மீது பொருத்தப்பட்டன. எஸ்டிஸெட்-5 என்ற இழுவைப்பொறியும் அவற்றுளொன்று. கடன்-குத்தகைத் திட்டத்தின் கீழ் வந்த அமெரிக்க லொறிகளுள் ஸ்டூடிபேக்கர் யுஎஸ்6 மிகப் பொருத்தமானது எனக் கண்டறியப்பட்டு, 1943இல் பிஎம்-13என் என்ற நியம வடிவம் அதனையே அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. ஆறு சில்லுகளுக்கும் உந்துவிசை செல்லும் 2½ தொன் வண்டி அது. குர்ஸ்க்குக்குப் பிந்திய பெரும் முன்னேற்றங்களிற் கத்யூஷாவைச் சுமந்தது பெரும்பாலும் இந்த அமெரிக்க லொறியே. 1945 ஜூன் 24ஆம் நாள் செஞ்சதுக்கத்தில் நடைபெற்ற வெற்றி அணிவகுப்பிற் கத்யூஷாக்கள் ஸ்டூடிபேக்கர் மீதே சென்றன. அன்று அதனை எவரும் ஒளிக்கவில்லை. மறதி பின்னர் வந்தது.

அம்மறதிக்கு ஏடொன்றும் துணைநின்றது. திட்டக் கமிஷனின் தலைவராயிருந்த வொஸ்நெசென்ஸ்கி, 1940களின் இறுதியில் வெளியிட்ட சோவியத் போர்ப் பொருளாதாரம் பற்றிய நூலில், நேசநாடுகளின் கைத்தொழிற் பண்டங்கள் சோவியத் உற்பத்தியுடன் ஒப்பிடுகையிற் சுமார் 4 விழுக்காடு மட்டுமே என்று கணக்கிட்டார். அக்கணக்கு நீண்டகாலம் வேதவாக்காயிற்று. அதனைக் கூறியவரோ 1950இல் 'லெனின்கிராட் வழக்கு' என்ற பெயரிற் சுட்டுக்கொல்லப்பட்டார். மொத்தச் சராசரி ஒன்று உண்மையை எவ்வளவு இலகுவாக மூடிவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஏனெனில் லொறிகளைத் தனியே எடுத்துக்கொண்டால் படம் முற்றிலும் வேறு. அமெரிக்கா அனுப்பிய லொறிகளின் தொகை மூன்றே முக்கால் இலட்சத்தையொட்டியது. 1945 மே 1ஆம் நாள் செம்படையிடமிருந்த மோட்டார் வண்டிகளில் 58.1 விழுக்காடு உள்நாட்டவை, 32.8 விழுக்காடு கடன்-குத்தகையில் வந்தவை, எஞ்சிய 9.1 விழுக்காடு எதிரியிடமிருந்து கைப்பற்றப்பட்டவை.

இவ்விலக்கங்களை எடுத்துக்கொண்டு, போரை வென்றது அமெரிக்க டொலரே என வாதிடும் மேலைநாட்டு எழுத்தாளர்களும் உளர். அவர்கள் காலவரிசையைப் புறக்கணிக்கிறார்கள். மொஸ்கோவின் வாயிலிலும் ஸ்டாலின்கிராட்டிலும் பாசிசத்தின் முதுகெலும்பு முறிக்கப்பட்டபோது அமெரிக்க லொறிகளின் பெரும்பகுதி இன்னும் வந்துசேரவில்லை. ஸிஸ்-6உம் ஸிஸ்-5உம் ஒன்றரைத் தொன் காஸ்-ஏஏயுமே அப்போது பாரத்தைச் சுமந்தன. அதேவேளை காஸ்-ஏஏயின் மூலவடிவமும் ஃபோர்ட் கம்பனியினுடையது என்பதை மறத்தலாகாது. 1929இல் செய்த உடன்படிக்கையின் பேறாக 1932இற் கோர்க்கி நகரில் அதன் உற்பத்தி தொடங்கிற்று. பெருமையைத் தேசங்களிடையே பங்கிடும் இக்கணக்கு வழக்கில் நமக்கு அக்கறையில்லை. லொறி ஒரு பண்டம். அதனுள் உறைந்திருப்பது மனித உழைப்பு. சவுத் பெண்ட் நகரத் தொழிலாளியின் உழைப்பும், உலியானோவ்ஸ்க்கின் குளிரில் நின்ற பெண்களின் உழைப்பும் ஒரே ஏவுவண்டியின் வரலாற்றைச் சேர்ந்தவை. ஒன்றைக் காட்டுவதற்காக மற்றொன்றை அழிப்பவர் இரண்டையும் அறியாதவராவார்.

லொறி மாற்றப்பட்டது போலவே பெயர்களும் மாற்றப்பட்டன என்பதை ஈண்டுக் குறிப்பிடாதிருத்தல் நேர்மையன்று. ரொக்கெட்டின் ஆக்கத்திற் பெரும்பங்கு கொண்ட ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளர் கிளெய்மியோனொவும், பிரதம பொறியியலாளர் லங்கெமாக்கும் 1938 ஜனவரியிற் கொல்லப்பட்டனர். கத்யூஷாவின் பெருமைக்காக 1941 ஜூலையிற் சோசலிச உழைப்பு வீரர் பட்டம் பெற்றவர் அவர்களுக்குப் பின் அந்நிறுவனத்தில் உயர்ந்த கொஸ்திக்கொவ். பல பத்தாண்டுகளாக நூல்கள் அவர் பெயரையே முன்னிறுத்தின. 1991 ஜூன் 21இல், கத்யூஷா உற்பத்தித் தீர்மானம் எடுக்கப்பட்ட சரியாக 50ஆம் ஆண்டு நிறைவில், கிளெய்மியோனொவ், லங்கெமாக் உள்ளிட்டோருக்கு இறப்பின் பின் அதே பட்டம் வழங்கப்பட்டது. அப்பட்டத்தை வழங்கிய அரசு அவ்வாண்டு முடிவதற்குள் இல்லாமற்போயிற்று. முற்போக்காளர் சிலர் இவற்றைப் பேசுவது எதிரிக்கு உதவும் என்பர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. தொழிலாளரின் சாதனையைப் போற்ற விழையும் ஒருவர், அச்சாதனையின் கர்த்தாக்களைக் கொன்றவர்களை மறைத்துக்கொண்டு அதனைச் செய்தல் இயலாது.

மண்ணும் நீரும் இத்தகைய பாகுபாடு காட்டுவதில்லை. லெனின்கிராட் முற்றுகையின்போது 1941 நவம்பர் 22ஆம் நாள் முதல் உறைந்த லடோகா ஏரியின் மீது லொறிகள் சென்றன. பனிக்கட்டி பிளந்தால் வெளியே பாய்வதற்காகச் சாரதிகள் கதவைத் திறந்து வைத்தபடியே ஓட்டினர். அமிழ்ந்த காஸ்-ஏஏக்கள் பல. அவற்றுட் சில போர்க்காலத்திலேயே மீட்கப்பட்டு மீண்டும் ஓடின. எஞ்சியவை ஏரியடியிற் கிடந்தன. அங்கிருந்து எடுக்கப்படும் லொறியின் பெறுமதி அதன் காலவரையறையில் உள்ளது. கூட்டுப்பண்ணை லொறி பத்துத் தடவை திருத்தப்பட்டு, இயந்திரம் ஒன்றும் கூண்டு வேறொன்றுமாய் நம்மிடம் வருகிறது. ஏரியடியிற் கிடந்த லொறியோ அமிழ்ந்த நாளன்று எப்படியிருந்ததோ அப்படியே, துருவேறி, வருகிறது. அதனைப் பளபளப்பாக வர்ணம் பூசிப் 'புதுப்பித்து' நிறுத்தும் இன்றைய வழக்கத்தை நாம் ஏற்கமுடியாது. 1991க்குப் பின் இவ்வண்டிகளுக்குச் சந்தை மதிப்பு ஏற்பட்டுவிட்டது, சான்றுகள் சரக்காயின. சேறு கழுவப்படும்போது, சட்டகத்திற் சாரதி தன் கையாற் செய்த ஒட்டுவேலையும் சேர்ந்தே கழுவப்பட்டுவிடுகிறது.

ஸ்டூடிபேக்கரைப் பற்றி இன்னுமொன்று. எஞ்சியுள்ள யுஎஸ்6 ஒன்றின் இலக்கத் தகட்டைப் படித்தால் அது சவுத் பெண்டிற் செய்யப்பட்டமை தெரியவரும். ஆனால் பெருந்தொகையான லொறிகள் உறுப்புகளாகப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுப் பாரசீக வளைகுடாவுக்கு வந்தன. 1941 ஆகஸ்டிற் பிரித்தானியாவும் சோவியத் யூனியனும் ஈரானுள் நுழைந்த பின்னர் திறக்கப்பட்ட வழி அது. கொர்ரம்ஷஹரிலும் அந்திமேஷ்க்கிலும் அமைந்த பொருத்து நிலையங்களில், அமெரிக்க மேற்பார்வையின் கீழ், ஈரானியத் தொழிலாளர் கோடை வெயிலில் அவற்றைப் பூட்டினர். பின்னர் அவை மலைகளைக் கடந்து வடக்கே சோவியத் எல்லைக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. 1942 - 43இல் அந்நாட்டைப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. ஓர்ஷாவின் ஃபிளியோரோவுக்கு 54 ஆண்டுகளின் பின்னராயினும் ஒரு பட்டம் கிடைத்தது. அந்திமேஷ்க்கிலே தறையாணி முடுக்கியவரின் பெயர் சட்டகத்திலும் இல்லை, பீடத்திலும் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த உறுப்புகளை அவர் எந்த வரிசையிற் பூட்டினார் என்பதை மட்டும், துருவைச் சுரண்டாது விட்ட ஓரிரு வண்டிகளில் இன்னும் பார்த்தறியலாம்.