மூணு டன்னைத் தாங்கும் ரெண்டு காது

காலேஜ் ரெண்டாம் வருஷம் என்.சி.சி. கேம்ப். .22 ரைஃபிள் சுடறதுக்கு முன்னாடி ஹவில்தார் கத்தின கத்தல் இன்னும் ஞாபகம் இருக்கு: "உள்ளே எண்ணெய் இருக்கக் கூடாது, நல்லா துடை!" ஏன்னு கேட்கிற தைரியம் அப்போ இல்லை. ஆபீஸில் ஆணி கம்மியா இருந்த ஒரு வாரத்தில் ஜூலியன் ஹேட்சர் 1947-ல் எழுதின 'ஹேட்சர்ஸ் நோட்புக்' படிச்சப்போதான் பதில் கிடைச்சது. கூடவே ஒரு பழைய பஞ்சாயத்தும் கிடைச்சது.

சைக்கிள் பம்பு வாயைக் கட்டைவிரலால் அடைச்சுக்கிட்டு அமுக்கிப் பாருங்க. விரலைத் தள்ளும் இல்லையா? தோட்டா வெடிக்கும்போது அந்த விரல் இடத்தில் இருப்பது போல்ட். அமெரிக்க ராணுவத்தின் 1903 மாடல் ஸ்ப்ரிங்ஃபீல்டு ரைஃபிளில் அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 3,500 கிலோ. பித்தளைக் கூட்டின் உள்பக்க அடிப்பரப்பு ஏறக்குறைய 0.8 சதுர செ.மீ. பெருக்கினா 2,800 கிலோ, ரெண்டு அம்பாசடர் காரை விட அதிகம்! அதைத் தாங்குறது போல்ட்டின் முன்பக்கம் காது மாதிரி நிற்கும் ரெண்டு முட்டு. அந்தக் காதுகளைப் பிடிச்சுக்கிறது ரிசீவர்.

முழுசும் போல்ட் மேலே வராது. கூடு உப்பி சேம்பர் சுவரைக் கவ்விக்கிட்டுக் கொஞ்சம் சுமையை வாங்கிக்கும். எண்ணெய், கிரீஸ் இருந்தா அந்தப் பிடி வழுக்கிடும், சுமை போல்ட்டுக்குப் போயிடும். ஹவில்தார் சார், இப்பதான் புரிஞ்சது :-)

இனி பஞ்சாயத்து. 1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கிய சமயம், சில ஸ்ப்ரிங்ஃபீல்டு ரைஃபிள்கள் சுடும்போதே சிதறின. முதல் காரணம் மோசமான தோட்டா: கூட்டின் அடிப்பகுதி மெத்துனு இருந்ததால் பிளந்து, வாயு பின்னாடி பாய்ஞ்சது. ஆனா நல்ல இரும்பா இருந்தா ரிசீவர் வளைஞ்சிருக்கணும். இது கண்ணாடி மாதிரி உடைஞ்சது.

ஏன்னு விசாரிச்சா, பட்டறையில் காய்ச்சின இரும்பின் சூட்டைத் தொழிலாளிகள் நிறம் பார்த்தே கணிச்சிருக்காங்க. அனுபவசாலிகள்தான். ஆனா பளிச்சுனு வெயில் அடிக்கிற நாளில் சிவப்பு மங்கலாத் தெரியும். "இன்னும் காயலை"ன்னு மேலே காய்ச்சிடுவாங்க. மேகமூட்ட நாளை விட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாம்! அப்புறம்தான் வெப்பமானி வாங்கி வச்சாங்க. ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆலையில் 800,000-ம் நம்பரிலிருந்தும், ராக் ஐலண்டு ஆலையில் 285,507-லிருந்தும் புது முறைப் பதப்படுத்தல் வந்தது.

அதுக்கு முந்தின பத்து லட்சம்? கருகின இரும்பை மறுபடி காய்ச்சிப் பார்த்தாங்க, சரி வரலை. நம்ம பாஷையில், பேட்ச் போட முடியாத பக். உடனே எல்லாத்தையும் திரும்ப வாங்கிடலை. பழுது பார்க்க வர்றப்போ கழிச்சுக்கலாம்னு 1920-களின் கடைசியில் முடிவாச்சு. கையில் வச்சிருந்த சிப்பாய்க்கு இது நியாயமாப் படலை எனக்கு. உடைஞ்ச விகிதம் ரொம்பக் கம்மிங்கிறதும் உண்மைதான். 1917 முதல் 1929 வரை ஹேட்சர் பட்டியல் போட்டது 68. யாரும் சாகலை, மூணு பேருக்கு ஒரு கண் போச்சு.

இன்னிக்கும் அந்த ரைஃபிள் வாங்குறவங்க முதலில் பார்க்கிறது நம்பரைத்தான். 800,000-க்குக் கீழேன்னா சுவரில் மாட்டிடுவாங்க.